கோலாலம்பூர் மரத்தில் வளையம் எண்ணாதீர்கள்

பள்ளி அறிவியல் புத்தகத்தில் ஒரு படம் வரும். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, அதில் அடுக்கடுக்காக வட்டங்கள், பக்கத்திலேயே "ஒரு வளையம், ஒரு வயது" என்று ஒரு வரி. கனடாவில் வளர்ந்த பைன் மரத்துக்கு அது சரிதான். செந்தூலில் காற்றில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்துக்கு அதை நம்பிச் சொல்ல முடியாது. காட்டிலிருந்து வரும் மெராந்திக்கு சுத்தமாகவே பொருந்தாது. நம் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் நம் ஊரில் வேலை செய்யாத ஒரு விதியை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்ப நாளாகவே ஒரு எரிச்சல்.

நான் சுங்கை பூலோ பக்கம் ஒரு மரக்கடையில் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறேன். லோரியில் வந்து இறங்கும் பலகையின் குறுக்கு வெட்டு முகத்தைக் கட்டரால் மெல்லிசாகச் சீவி, கொஞ்சம் ஈரமாக்கி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்து இது கெம்பாஸா, பாலாவா, செங்காலா என்று சொல்ல வேண்டும். அதனால் மரத்தின் உள்பக்கம் எனக்குத் தினமும் பழக்கம். மர வளையத்தை வைத்துப் பழைய பருவநிலையைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியைப் படிக்க ஆரம்பித்தது அந்தப் பழக்கத்தால்தான்.

வளையம் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். குளிர்நாட்டில் வசந்தம் வந்ததும் பட்டைக்கு அடியில் இருக்கும் கேம்பியம் படலம் விழித்துக்கொண்டு வேகவேகமாகப் புது மரத்தை உண்டாக்கும். அப்போது வரும் செல்கள் பெரிதாக, சுவர் மெல்லியதாக, நிறம் வெளிறி இருக்கும். கோடை முடிய முடிய செல் சிறுத்து, சுவர் தடித்து, நிறம் இருண்டு, கடைசியில் பனிக்காலத்தில் வேலை மொத்தமாக நின்றுவிடும். அடுத்த வசந்தத்தில் மறுபடி வெளிர் மரம். இருட்டு முடிந்து வெளிர் தொடங்கும் அந்த இடம்தான் கண்ணுக்குத் தெரியும் கோடு. ஆக, வளையம் விழ வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒரு தடவை மரம் வளர்வதை நிறுத்த வேண்டும். பனிதான் நிறுத்த வேண்டும் என்றில்லை. கடுமையான வறட்சியும் நிறுத்தும், இலை முழுக்க உதிர்வதும் நிறுத்தும், அமேசான் ஆற்றங்கரைக் காடுகளில் மாதக்கணக்காக வேர் மூழ்கிக் கிடக்கும் வெள்ளமும் நிறுத்தும்.

கோலாலம்பூரில் எது நிறுத்தும்? சராசரி பார்த்தால் 100 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெய்கிற மாதமே இங்கே கிடையாது. மழைக்கு இரண்டு உச்சம், ஏப்ரல் வாக்கில் ஒன்று, அக்டோபர் நவம்பரில் ஒன்று, நடுவில் ஜூன் ஜூலையில் கொஞ்சம் இறக்கம். இப்படிப்பட்ட ஊரில் ஒரு மரம் வருடத்தில் ஒரு கோடு போடலாம், இரண்டு போடலாம், போடாமலும் இருக்கலாம், ஒரே மரத்தில் ஒரு பக்கம் மட்டும் கோடு ஓடி மறுபக்கம் மறைந்தும் போகலாம். பினாங்கு கொஞ்சம் வேறு மாதிரி. ஜனவரி பிப்ரவரியில் அங்கே உண்மையிலேயே வறண்ட காலம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியவர்களுக்கு அந்த வெயில் தெரியும். இன்னும் வடக்கே கெடா, பெர்லிஸ் போனால் அந்த வறண்ட காலம் நீளும், தேக்கு நட்டால் இலையை ஒழுங்காக உதிர்த்து ஒழுங்காக வளையம் போடும். அதாவது இதே தீபகற்பத்தில் சில மணி நேரம் கார் ஓட்டினாலே விதி மாறிவிடுகிறது.

இதில் மெராந்தி செய்கிற கூத்து தனி. அதன் குறுக்கு வெட்டில் வெள்ளை வெள்ளையாக மெல்லிய கோடுகள் வளைந்து ஓடும், பார்த்தால் சாட்சாத் ஆண்டு வளையம்தான். ஆனால் அவை பிசின் குழாய்கள், வரிசையாக நின்று உள்ளே வெள்ளைப் பிசின் உறைந்து கிடப்பவை. செங்கால், பாலாவ், காப்பூர் எல்லாவற்றிலும் இந்தக் கோடு உண்டு. வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. கடைக்கு வரும் சிலர் மேசைப் பலகையைப் புரட்டி இந்தக் கோடுகளை எண்ணி "இருநூறு வருஷ மரம்" என்று மகிழ்ச்சியாகப் போவார்கள், விற்கிறவர்களும் மறுப்பதில்லை. என் அக்கா மகன் பள்ளித் திட்டப்பணிக்காக ஒரு துண்டைக் கொண்டுவந்து "மாமா, இதுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டபோது, தெரியாது என்று எழுது, ஏன் தெரியாது என்பதற்கு ஒரு பக்கம் எழுது என்று சொன்னேன். அக்காவுக்குக் கோபம்.

சரி, வளையம் ஒழுங்காக விழுகிற நாட்டிலும்கூட வெறும் எண்ணிக்கை போதாது. அரிசோனாவில் இந்தத் துறையைத் தொடங்கி வைத்த டக்ளஸ் ஒரு வானியலாளர். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் சுழற்சி மழையைப் பாதிக்கிறதா, அது மரத்தில் தெரியுமா என்று தேடப் போனவர். அவர் கண்டுகொண்டது, ஒரே பகுதியில் வளர்ந்த மரங்களில் அகல வளையமும் ஒல்லி வளையமும் ஒரே வரிசையில் வருகின்றன என்பதை. அந்த வரிசையை ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். உயிரோடு நிற்கும் மரத்தின் உள்பகுதி வரிசை, பழைய வீட்டு உத்திரத்தின் வெளிப்பகுதி வரிசையோடு பொருந்தினால், கணக்கு இன்னும் பின்னால் போகும். 1929-இல் ஒரு கரிந்த உத்திரத் துண்டைக் கொண்டு இடைவெளியை நிரப்பி, அமெரிக்கத் தென்மேற்கின் பூர்வகுடிக் கட்டடங்களுக்கு அவர் ஆண்டு சொன்னார். ஆகவே ஒற்றை மரத்தின் சாட்சிக்கு இந்தத் துறையில் மதிப்புக் குறைவு. பல மரம் ஒரே மாதிரிச் சொன்னால்தான் பேச்சு.

வெப்ப மண்டலத்தில் இது நடக்காது என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. ஜாவாவின் தேக்கில் பெர்லாகே என்ற டச்சுக்காரர் 1514-லிருந்து 1929 வரை ஓடும் வரிசையை 1931-லேயே வெளியிட்டுவிட்டார். நம் மூதாதையர் மண்ணுக்குப் பக்கத்தில் கேரளத் தேக்கு இருக்கிறது. 1481-லிருந்து 2003 வரை, 523 வருடத்துக்கு இந்திய ஆய்வாளர்கள் அதில் வரிசை கட்டி, ஒல்லி வளையங்கள் பசிபிக் கடல் சூடாகும் எல் நினோவோடும் பருவமழை பொய்த்த வருடங்களோடும் சேர்ந்து வருவதைக் காட்டினார்கள். வியட்நாம் மலைக்காட்டில் ஃபோகியெனியா என்ற ஊசியிலை மரம், சைப்ரஸ் குடும்பம். அதை வைத்து பக்லியும் அவரோடு இருந்தவர்களும் 2010-இல் வெளியிட்ட கட்டுரை, 14-ஆம் நூற்றாண்டின் நடுவிலும் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீண்ட வறட்சிகளும், இடையில் வெறித்தனமான மழையும் வந்ததைச் சொல்கிறது. கம்போடியாவின் பழைய தலைநகரமான அங்கோர் தளர்ந்த காலம் அது. அங்கோரின் கால்வாய்கள் முதலில் காய்ந்து, பிறகு வந்த வெள்ளத்தில் அடைத்துச் சிதைந்த கதை அந்த வரிசையோடு ஒத்துப்போகிறது.

அதே 2010-இல் ஆசியா முழுக்க முந்நூறுக்கும் மேற்பட்ட மர வரிசைகளைச் சேர்த்து ஒரு பருவமழை வறட்சி வரைபடத் தொகுப்பு வந்தது. கடந்த 700 வருடத்தில் எந்த வருடம் எந்தப் பகுதி காய்ந்தது என்று அதில் பார்க்கலாம். அதில் பெரிதாகத் தெரியும் வறட்சிகளில் ஒன்று 1876-லிருந்து 1878 வரை. தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்த பஞ்சம். பஞ்சம் பிழைக்க இலங்கைக்கும் பர்மாவுக்கும் இந்தப் பக்கமும் கப்பல் ஏறினவர்கள் எத்தனை குடும்பம்! பினாங்குக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில், அப்போதே நம் ஆட்கள் கூலிகளாக இருந்தார்கள். இங்கே தமிழர் வந்த கதையைப் பேசும்போது கங்காணி, கப்பல், தோட்டம் என்று தொடங்குவோம். அதற்கும் முன்னால் வானத்தில் நடந்ததை, பசிபிக் கடல் சூடாகி நம் மழை நின்றதை, யாரும் எழுதிவைக்கச் சொல்லாமலேயே மரங்கள் ஒல்லி வளையமாக எழுதிவைத்திருக்கின்றன என்று படித்தபோது எனக்கு நிஜமாகவே சிலிர்த்தது.

ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையைப் பற்றி ஆர்வமாக எழுதுகிறவர்கள் இதில் வழுக்கி விழுகிறார்கள். மரம் மழை பெய்யவில்லை என்றுதான் சொல்லும். அந்தப் பஞ்ச வருடங்களிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்ததை எந்த வளையமும் சொல்லாது. வறட்சி வானத்திலிருந்து வந்தது, பஞ்சம் பெரும்பாலும் ஆட்சியிலிருந்து வந்தது. "பருவநிலைதான் காரணம்" என்று மரத்தைக் கைகாட்டிவிட்டு அரசாங்கத்தைத் தப்பவிடுவது அன்றைக்கும் நடந்தது, இன்றைக்கு வெள்ளம் வரும்போதும் நடக்கிறது.

மறுபடி நம் ஊர் மரத்துக்கு வருவோம். வளையம் இல்லையென்றால் பதிவே இல்லையா? இங்கேதான் மர உடற்கூறு வருகிறது, என் கைக்கண்ணாடிக்கும் இதற்கும் சொந்தம்.

அகன்ற இலை மரத்தின் குறுக்கு வெட்டில் பொட்டுப் பொட்டாகத் துளைகள் தெரியும். கடையில் நாங்கள் துளை என்றுதான் சொல்வோம். வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் போகும் குழாயின் வாய் அது. குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் அதில் போகக்கூடிய தண்ணீர் பதினாறு மடங்கு, ஏனென்றால் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. அப்படியானால் எல்லா மரமும் பெரிய துளையாகவே வைத்துக்கொள்ளலாமே? முடியாது. தண்ணீர் மேலே இழுபட்டுத்தான் ஏறுகிறது, மண் காய்ந்தால் இழுவை கூடும், ஒரு கட்டத்தில் ஸ்ட்ராவில் காற்று புகுந்த மாதிரி நீர்த்தாரை அறுந்து குழாய் செத்துப்போகும். மரத்துக்கு மரம் இது வித்தியாசப்பட்டாலும், வறட்சிக் காலத்தில் உண்டாகும் துளைகள் பொதுவாகச் சின்னதாக இருக்கும். ஒரு துளை உருவாகும்போது தண்ணீர் எவ்வளவு கிடைத்ததோ அந்த அளவுக்குத்தான் செல் விரிய முடியும், விரிந்து சுவர் கெட்டியான பிறகு அதை மாற்றவே முடியாது. கோடு எதுவும் தெரியாத மரத்திலும் பட்டையிலிருந்து நடுவரை துளைகளின் அளவையும் நெருக்கத்தையும் அளந்துகொண்டே போனால் ஏற்ற இறக்கம் கிடைக்கும். ஆய்வகத்தில் மைக்ரோடோம் என்ற சீவும் கருவியால் தலைமுடியை விட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, படமெடுத்து, கணினியில் ஆயிரக்கணக்கான துளைகளை அளக்கிறார்கள்.

இதற்கு அழகான உதாரணம் அலையாத்திக் காட்டில் இருக்கிறது. கென்யாவின் கடற்கரையில் நம் பாக்காவ் குடும்பத்து மரம் ஒன்றை ஆராய்ந்தவர்கள், மழைக்காலத்தில் துளைகள் குறைவாகவும் வறண்ட காலத்தில் நெருக்கமாகவும் வருவதை 2004-இல் எழுதினார்கள். வெறும் கண்ணுக்கு அங்கே வளையம் என்று தெளிவாக எதுவும் தெரியாது, துளை நெருக்கத்தில் வருடம் தெரிகிறது. நமக்குக் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் நடுவில், பேராக்கில், மாத்தாங் இருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேலாகக் கணக்கு வைத்து நிர்வகிக்கும் அலையாத்திக் காடு. முப்பது வருடச் சுற்றில் வெட்டி, கோலா செபெத்தாங் சூளைகளில் கரியாக்குகிறார்கள். எந்தப் பகுதி எந்த வருடம் வெட்டி மறுபடி முளைத்தது என்பது ஏட்டில் இருக்கிறது. வயது தெரிந்த மரம் அடுக்கி வைத்த மாதிரிக் கிடைக்கிற இடம் உலகத்தில் எத்தனை இருக்கும்? கடல் மட்டம், உப்பு, மழை மூன்றும் மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் அதெல்லாம் பார்பிக்யூ கரியாகப் போவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கரி போகட்டும், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு வில்லை, அதாவது குறுக்கே அறுத்த வட்டத் துண்டு, எடுத்து வைக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

துளைக்கும் அப்பால் இரண்டு வழி இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று ஆக்சிஜன். தண்ணீரில் கனமான ஆக்சிஜன் கொஞ்சம் கலந்திருக்கும். கொட்டித் தீர்க்கிற மழையில் அதன் பங்கு குறையும், வறண்ட காலத்தில் இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது கூடும். மரத்தின் செல்லுலோஸ் அதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே வளையமே இல்லாத மரத்தை மெல்லிய சீவலாகச் சீவி அளந்தால், மேலும் கீழுமாக ஓர் அலை கிடைக்கும். இன்னொன்று அணுகுண்டு. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வானத்தில் வெடித்துப் பார்த்த குண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் ஏறி, 1963, 64 வாக்கில் பூமியின் வடபாதியில் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பிறகு இறங்கத் தொடங்கியது. மெர்டேக்கா (சுதந்திரம்) காலத்தில் நட்டு இன்றும் நிற்கிற எந்த மரத்துக்குள்ளும் அந்த உச்சம் ஒரு முத்திரையாக இருக்கும், தேடிப் பிடித்துவிட்டால் அங்கிருந்து வெளிப்பட்டை வரை எத்தனை வருடம் என்பதில் சந்தேகம் இருக்காது.

ரப்பர் மரத்தில் பார்க்க முடியாதா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு, பாதிப் பேருடைய தாத்தா பாட்டி அதைச் சீவியவர்கள் என்பதால். ரப்பர் வருடத்தில் ஒரு தடவை இலை உதிர்க்கும்தான். ஆனால் பால் எடுக்க எடுக்க மரம் பருப்பது குறையும், அதனால் அதன் தடிப்பில் இருப்பது மழையின் கதையா, சீவின கத்தியின் கதையா என்று பிரிப்பது கஷ்டம். போதாக்குறைக்கு இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டி மறுநடவு செய்துவிடுவார்கள்.

என் கண் இப்போது நகரத்து மரங்கள் மேல். 2024 மே மாதம் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிர் போன பிறகு, பழைய மரங்களைப் பற்றிய பயம் நகரம் முழுக்கப் பரவியது. ஆபத்தானதை வெட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. வெட்டியதை என்ன செய்கிறோம் என்பதில்தான் மறுப்பு. ஒரு வேலை இடத்தில் பார்த்தேன், இரண்டு பேர் கட்டிப்பிடித்தாலும் எட்டாத தூங்குமூஞ்சி, பிற்பகலுக்குள் மொத்தமும் அரவை இயந்திரத்தில் தூளாகிவிட்டது. ஒரு வில்லை கேட்டேன், "அண்ணே, லோரி கிளம்பணும்" என்றார் மேற்பார்வை பார்த்த தம்பி. அவர் மேல் தவறில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், சாலை போட்ட வருடம் தெரியும், தாமான் (குடியிருப்பு) கட்டிய வருடம் தெரியும், அப்போது நட்ட மரத்தின் வயதும் ஏறக்குறைய தெரியும். வானிலை நிலையத்தின் மழைக்கணக்கு பக்கத்திலேயே இருக்கிறது. 1997-இன் புகைமூட்டம், 98-இல் கிள்ளான் பள்ளத்தாக்கே வாளியும் கையுமாகத் தண்ணீர் லோரிக்கு நின்றது, 2014-இன் தண்ணீர்ப் பங்கீடு, இத்தனையையும் நின்று பார்த்த மரங்கள் அவை. காட்டு மரத்தில் பதிவு எப்படிப் படிக்கப்பட வேண்டும் என்று கற்றுக்கொள்ள, வயது தெரிந்த இந்த மரங்களை விட நல்ல பாடம் கிடைக்காது. கெப்போங்கில் மலேசிய வன ஆராய்ச்சி நிலையமான ஃப்ரிம் வளாகமே பழைய ஈயச் சுரங்க நிலத்தில் 1920-களிலிருந்து நட்டு உண்டாக்கிய காடுதான், 2025-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நட்ட தேதி தெரிந்த மரத்தின் மதிப்பு அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். தெருவோர மரத்துக்கும் அந்த மரியாதை வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

உங்கள் தாமானிலோ கோயில் வளாகத்திலோ பள்ளித் திடலிலோ ஒரு பெரிய மரத்தை வெட்டப் போகிறார்கள் என்றால், பொறுப்பில் இருப்பவரிடம் அனுமதி கேட்டு ஒரு வில்லை வாங்கி வையுங்கள். நெஞ்சு உயரத்தில், நான்கு விரல் தடிமனில், குறுக்கே அறுக்கச் சொல்லுங்கள். பட்டை போகக் கூடாது, ஏனென்றால் வெட்டிய தேதி தெரிகிற ஒரே இடம் பட்டைக்கு அடியில்தான். இடம், வெட்டிய தேதி, நட்ட வருடம் தெரிந்தால் அது, வடக்கு எந்தப் பக்கம், இவ்வளவையும் பென்சிலால் மரத்தின் மேலேயே எழுதிவிடுங்கள், காகிதம் தொலைந்துபோகும். வெயிலில் போட்டால் நடுவிலிருந்து வெடிக்கும், பிளாஸ்டிக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், சும்மா மூலையில் சாய்த்தால் உளுத்துப்போகும். காற்றோட்டமான நிழலில், அடியில் குச்சி கொடுத்து, மெதுவாகக் காய விடுங்கள். காய்ந்த பிறகு உப்புத்தாளால் 80-ஆம் எண்ணில் தொடங்கி 400-ஆம் எண் வரை தேய்த்தால் துளைகள் கைக்கண்ணாடியிலேயே தெரியும், பிள்ளைகளுக்குக் காட்டலாம். மேசை செய்கிறவர்களுக்கு நீளவாக்கில் அறுத்த பலகைதான் வேண்டும், அது அவர்கள் பிழைப்பு, செய்யட்டும். குறுக்கு வில்லையை மட்டும் தனியாக எடுத்துவிட்டு, அதன் மேல் வார்னிஷும் எபாக்ஸியும் ஊற்றாமல் விட்டால் போதும், பின்னால் யாராவது ஆக்சிஜனையோ கார்பனையோ அளக்க வரும்போது அந்தப் பூச்சுதான் முதல் தொல்லை.